லீவு லெட்டரில் செத்தவர்

9

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "உங்கள் கொள்ளுத்தாத்தா மெசபடோமியா யுத்தத்தில் மெடல் வாங்கியவர் என்கிறீர்கள். அவருடைய வீரத்தைப் பற்றி எழுதாமல் வீட்டுச் சண்டையையே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, மீனாக்ஷி அம்மா?"

ஐயா, வீரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள். படித்த பிறகும் எங்கள் குடும்பத்தின் மேல் உங்களுக்கு மரியாதை மிச்சம் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். என் கல்கத்தா லேக் கார்டன்ஸ் விலாசம் உங்களிடம் இருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்லும்போதே வாய் கசக்கிறது.

கல்கத்தாவில் பவானிபூரில் ஒரு சந்து, அதில் ஒரு மாடி வீடு. அண்ணன் நடராஜ முதலியார் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவர் மனைவி ராஜலக்ஷ்மி. தம்பி திருவேங்கடம், அதாவது என் கொள்ளுத்தாத்தா, பாலம் போடுகிற, பதுங்குகுழி வெட்டுகிற சாப்பர் பட்டாளத்தில் ஹவில்தார். 1915-இல் மனைவி நாகலக்ஷ்மியை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினார்.

இரண்டு வருஷம் கழித்து ராஜலக்ஷ்மியின் தங்கைக்குக் காஞ்சிபுரத்தில் கல்யாணம். யுத்த காலத்தில் கப்பல் கம்பெனியில் லேசில் லீவு கிடைக்காது. நடராஜன் தன் மாமியாரை ஏற்கெனவே இரண்டு தடவை லீவு லெட்டரில் சாகடித்திருந்தார். சித்தப்பாவை ஒரு தடவை. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆள் தீர்ந்துபோன நிலைமையில், "என் ஒரே தம்பி ஹவில்தார் திருவேங்கடம் துருக்கியரின் குண்டுக்குப் பலியானபடியால் ஒரு மாதம் லீவு தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை குலுக்கினாராம். மறு பேச்சில்லாமல் லீவு கொடுத்தார். நடராஜன் காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். வந்ததும் ஹெட் கிளார்க் ஆனார். யுத்தத்துக்கு உயிர் கொடுத்த குடும்பம் அல்லவா.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு மாதம் கழித்து துரையின் சம்சாரம் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். ராஜலக்ஷ்மி என்ன செய்தாள் தெரியுமா? வங்காள விதவைகள் கட்டுகிற கரையில்லாத வெள்ளைப் புடவை ஒன்றைக் கடையில் வாங்கி வந்தாள். நாகலக்ஷ்மியின் நெற்றியை ஈரத் துணியால் துடைத்தாள். கழுத்திலிருந்த தாலியைக் கழற்றி அஞ்சறைப்பெட்டியில் கடுகோடு போட்டு மூடினாள். "நாடகம்தானேடி நாகு, அரை மணி நேரம்" என்றாள்.

புருஷன் உயிரோடு இருக்கிற இருபது வயசுப் பெண்ணை உட்கார வைத்து வெள்ளைக்காரிக்கு வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். த்தூ.

அதற்குப் பிறகு ஏழு மாதம் திருவேங்கடத்திடமிருந்து கடிதம் வரவில்லை. வந்தபோது, இடது காலில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததாக எழுதியிருந்தார். எந்த வாரம் என்றும் எழுதியிருந்தார். துரைசானி வந்துபோன அதே வாரம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாகலக்ஷ்மிக்கு இருந்தது. தாலியை இறக்கித் தானே புருஷனின் காலை உடைத்துவிட்டதாக நினைத்தாள். இன்னொரு தடவை இறக்கினால் ஆளே போய்விடுவார் என்று அந்தப் பெண் உறுதியாக நம்பினாள்.

இப்போது 1919, டிசம்பர். கம்பெனி ஹாலில் துரை ஒரு பித்தளைப் பலகை அடித்து மாட்டியிருக்கிறார். யுத்தத்தில் உயிர்விட்ட சிப்பந்திகள், சிப்பந்திகளின் உறவினர்கள் பெயர். இரண்டு வெள்ளைக்காரர்கள், மூன்றாவது பெயர் ஹவில்தார் திருவேங்கடம். திரையை விலக்கி வைக்க, அவருடைய விதவையைக் கூட்டி வரவேண்டும் என்று துரை ஆசைப்பட்டார். நாகலக்ஷ்மி முடியாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் போன வாரம் நிறுத்தினேன்.

*

விழா அன்று காலை எட்டு மணிக்கும் அந்தக் கதவு சாத்தித்தான் இருந்தது.

ராஜலக்ஷ்மி வெள்ளைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். "நாகு, கதவைத் தெற. பதினோரு மணிக்கு வண்டி வந்துடும்."

"அக்கா, நான் வரலை. ஜுரம்னு சொல்லிடுங்க."

"ஜுரம்னு சொன்னா துரை டாக்டரை அனுப்புவாரு. அந்த மனுஷனுக்கு இரக்கம் ஜாஸ்தி, அதான் நம்ம தலையெழுத்து."

நடராஜன் கூடத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவர் பெண்டாட்டியிடம் பேசுவார், அது கதவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

"ராஜம், அவகிட்டே சொல்லு. இது வெளியே வந்தா எனக்கு வேலை போகும். பொய் சொல்லி ஏமாத்தினேன்னு உள்ளே தள்ளிடுவாங்க. அப்புறம் இந்த வீட்டிலே எல்லாரும் பிச்சைதான் எடுக்கணும்னு சொல்லு."

"அவருக்கு வேலை போறதும் நிக்கறதும் எனக்குத் தெரியாது அக்கா. எனக்கு இருக்கறது ஒரு புருஷன். கிறிஸ்மஸுக்குள்ளே வந்துடறேன்னு எழுதியிருக்காரு. இப்போ போய் நான் கழுத்தை மொட்டையா வச்சுக்கிட்டு நாலு பேர் முன்னாலே நிக்கமாட்டேன்."

"போன தடவை கழட்டினே, என்ன குடி முழுகிப்போச்சு?"

"கால் போச்சு."

ராஜலக்ஷ்மி சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "காபி ஆறிடுச்சு, கதவைத் தெற" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் குதிரை வண்டி நின்றது.

வண்டி சீக்கிரமே வந்துவிட்டதோ என்று நடராஜன் எட்டிப் பார்த்தார். காக்கிச் சட்டை, கையில் ஒரு தகரப் பெட்டி, இடது காலை இழுத்து இழுத்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள். நாலு வருஷம் பார்க்காத தம்பி.

அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? வாடா என்று இல்லை. எப்படி இருக்கே என்று இல்லை. கால் எப்படி என்றுகூட இல்லை.

"யாராவது பார்த்தாங்களா?"

திருவேங்கடத்துக்குப் புரியவில்லை. "யார் அண்ணே?"

"உள்ளே வா, உள்ளே வா." கையைப் பிடித்து இழுத்து வாசல் கதவைத் தாழ் போட்டார். ஹௌராவிலிருந்து வந்த வண்டிக்காரன் வெளியே கதவைத் தட்டி வாடகை கேட்டுக்கொண்டிருந்தான். ராஜலக்ஷ்மி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கொடுத்து அவனை விரட்டினாள்.

சமையலறைக் கதவு திறந்தது. யாரும் திறக்கச் சொல்லவில்லை. குரல் கேட்டு அவளே திறந்தாள்.

நாகலக்ஷ்மி புருஷனைப் பார்த்தாள். முதலில் முகத்தை, அப்புறம் காலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மூத்தார் இருக்கிறாரே என்று தள்ளி நிற்கவில்லை.

"அக்கா, அந்தப் புடவையைக் கடையிலேயே திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். அந்த நாலு வருஷத்தில் அவள் சிரித்து ராஜலக்ஷ்மி பார்த்தது அன்றைக்குத்தான் என்பார்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நாகலக்ஷ்மி தன் மருமகளிடம் சொன்னாள், அந்த மருமகள் என் அம்மாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டு ஆண்கள் வழியாக வந்திருந்தால் இது பாக்தாத் யுத்தக் கதையாக மட்டும் வந்திருக்கும்.

*

"என்ன புடவை?" என்று கேட்டார் திருவேங்கடம்.

நடராஜன் சொன்னார். காஞ்சிபுரம் கல்யாணம், லீவு லெட்டர், துரை, துரைசானி, பித்தளைப் பலகை, எல்லாவற்றையும். ஹெட் கிளார்க் ஆன விஷயத்தை மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கேட்கக் கேட்க திருவேங்கடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னைக் கொன்னுட்டியா அண்ணே? துருக்கிக்காரன் நாலு வருஷமா முயற்சி பண்ணி முடியலை."

"சிரிக்காதே. இன்னிக்கு நீ வெளியே தலை காட்டினே, நான் தொலைஞ்சேன்."

"அதுக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் மாடி அறையிலே இரு. நாகு மட்டும் ஒரு மணி நேரம் வந்து நின்னுட்டு வந்துடட்டும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடுங்க. நான் வேண்டியதைச் செய்யறேன்."

திருவேங்கடத்தின் சிரிப்பு நின்றது. நாகலக்ஷ்மிக்குப் பயமே இல்லை. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் பேச இனிமேல் ஒரு ஆள் இருக்கிறார். சண்டையில் மெடல் வாங்கியவர். குண்டு பாய்ந்த காலோடு கூடவந்தவனை முதுகில் சுமந்து வந்தவர். துரை என்ன, வைஸ்ராய் வந்தால்கூட இவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

நடராஜன் அழ ஆரம்பித்தார். கோட்டு மாட்டிய மனுஷன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "அப்பா போனப்போ உனக்கு எட்டு வயசு. யார்டா உன்னை வளர்த்தது? என்னை ஜெயிலுக்கு அனுப்பறியா? அனுப்பு. அனுப்பிட்டு இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கே போய் வேலை தேடுவே?"

திருவேங்கடம் தன் காலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"நாகு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னிக்கு ஒரு நாள்தானே. போய் நின்னுட்டு வந்துடேன்."

நாகலக்ஷ்மி, காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துப் பக்கத்தில் வந்தாள். "என்ன சொல்றீங்க?"

"நான்தான் உயிரோட வந்துட்டேனே. இனிமே என்ன பயம் உனக்கு? அண்ணன் மானம் போகக் கூடாது இல்லே."

"என் மானம்?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியுமே."

அவர் தகரப் பெட்டியின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தார். ராஜலக்ஷ்மி இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்ததுபோல் வெள்ளைப் புடவையோடு வந்தாள். நாகலக்ஷ்மி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க தொடவேணாம் அக்கா." புருஷனுக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொண்டையை ஒதுக்கி விட்டாள். "கட்டினவரு இங்கே இருக்காரு. அவரே அவுக்கட்டும்."

அவிழ்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் முதல் தடவை கேட்டபோது அப்படித்தான் நினைத்தேன். எழுந்து அண்ணனை ஓர் அறை விட்டிருப்பார் என்று நினைத்தேன்.

அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்ததாம், பல்லால் கடித்து நெகிழ்த்தி அவிழ்த்தார். தாலியை வைக்க இடம் தெரியாமல் காக்கிச் சட்டைப் பையில், மெடலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

இவருடைய போட்டோவுக்குத்தான் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பூமாலை போடுகிறார்கள். நான் போடுவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் பூ அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அருவருப்பு என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

நாகலக்ஷ்மி அழவில்லை. எழுந்து உள்ளே போய் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தானே நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திருவேங்கடம் தகரப் பெட்டியோடு மாடி ஏறினார். ராஜலக்ஷ்மி அந்த அறையை வெளியே பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவரும் பூட்டிக்கொள்ளச் சம்மதித்து உட்கார்ந்துகொண்டார்.

*

கிடர்பூர் ஆபீஸ் ஹாலில் எண்பது குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வங்காளிகள், கோட்டுக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டு. முன்வரிசையில் துரை, துரைசானி, கம்பெனி டாக்டர். சுவரில் சிவப்புப் பட்டுத் திரை.

நாகலக்ஷ்மி முக்காடு போட்டுக்கொண்டு நடராஜன் பின்னால் நடந்து வந்தபோது எண்பது பேரும் எழுந்து நின்றார்கள். துரை தொப்பியைக் கழற்றினார். துரைசானி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். அந்த ஹாலில் அன்றைக்கு நிஜமாக வருத்தப்பட்டவர்கள் அந்த வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு பேரும்தான்.

துரை பேசினார். முகம் தெரியாத ஹவில்தாரின் தியாகம், அவருடைய அண்ணனின் விசுவாசம், இந்த இளம் பெண்ணின் பொறுமை என்று பத்து நிமிஷம். நடராஜன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். இரண்டு தடவை மூக்கைச் சிந்தினார்.

நாகலக்ஷ்மி கயிற்றை இழுத்தாள். திரை விலகியது. பளபளவென்று பித்தளைப் பலகை. எல்லோரும் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி தட்டினார்கள்.

"அந்த அம்மாள் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லட்டும்" என்றார் துரை. "முதலியார், நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

நடராஜனுக்கு அதில் சந்தோஷம்தான். அவள் தமிழில் எதைச் சொன்னாலும் அந்த ஹாலில் வேறு ஒருத்தருக்கும் புரியாது. நன்றி என்று மாற்றிவிட்டால் ஆயிற்று. "சொல்லும்மா" என்றார். அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஐந்து வருஷம் பவானிபூர்க் குழாயடியில் தண்ணீர் பிடித்தவளுக்கு வங்காளம் வராமலா இருக்கும்? பக்கத்து வீட்டு மாஷிமா என்கிற வங்காளி மாமியோடு அவள் நாள் பூராவும் பேசுவது வங்காளத்தில்தான். வீட்டில் இருக்கிற பெண்கள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று நடராஜன் கவனித்ததே இல்லை.

நாகலக்ஷ்மி முக்காட்டைத் தள்ளிவிட்டு எண்பது பேரையும் பார்த்துத் திரும்பினாள்.

"ஆமார் ஷாமி பேஞ்சே ஆச்சேன்" என்றாள். "பாடீதே போஷே ஆச்சேன்."

என் புருஷன் உயிரோடு இருக்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அவள் திரும்பவும் அதையே சொன்னாள், இன்னும் உரக்க. இன்று காலை வந்தார் என்றும் சொன்னாள். என் தாலியை அவர்தான் அவிழ்த்தார், அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாள். எல்லாம் சுத்தமான பவானிபூர் வங்காளத்தில்.

முன்வரிசை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் புரியவில்லை. துரை நடராஜன் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள், முதலியார்?"

நடராஜனின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் இருபது வருஷம் ஆபீஸ் பார்த்த மனுஷன், தடுமாறவில்லை.

"புருஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்கிறாள் சார். செய்தி வந்த நாளிலிருந்து இப்படித்தான். வீட்டில் அவருக்கு இலை போட்டுச் சாதம் வைக்கிறாள். மூளை கலங்கிப் போய்விட்டது. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது."

துரைசானி, "ஐயோ பாவம்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

துரை ஹாலைப் பார்த்தார். "அப்படித்தானா?" என்று பொதுவாகக் கேட்டார். எண்பது பேரின் லீவும் பிரமோஷனும் ஹெட் கிளார்க்கின் கையெழுத்தில் இருந்தது. ஒருவர் சால்வையைச் சரி செய்துகொண்டார். ஒருவர் இருமினார். முன்னால் இருந்த கிழவர் ஒருவர், "ஆமாம் சார், ரொம்ப துக்கம்" என்றார்.

"நான் பைத்தியம் இல்லை" என்றாள் நாகலக்ஷ்மி. அதையும் வங்காளத்தில் சொன்னாள். அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவள் கையை உதறினாள். டாக்டர் துரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டில் வைத்துக்கொள்வது நல்லதில்லை, இன்றைக்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் உத்தமம் என்றார். செலவு கம்பெனியுடையது என்றார் துரை. இரண்டு பியூன்கள் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு நடராஜனைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"பெயர்?"

"நாகலக்ஷ்மி."

"வயது?"

"இருபத்திரண்டு."

"பொறுப்பு எடுத்துக்கொள்கிறவர்?"

"நான்தான் சார்."

"கணவர்?"

நடராஜன் வாயால் சொல்லவில்லை. கையை நீட்டிச் சுவரிலிருந்த பித்தளைப் பலகையைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மூன்றாவது பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டார்.